செயலாளரின் ஆண்டறிக்கை 2019–20: வளைய சூரிய கிரகணமும் நம் மாணவர்களும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆயுள் உறுப்பினர்களே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

2019 ஏப்ரல் முதல் 2020 மார்ச் வரையிலான காலத்துக்குரிய நம் அறிவியல் சங்கத்தின் ஆண்டறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். ஊரடங்கினால் கூட்டம் பல மாதங்கள் தள்ளிப்போனதை உறுப்பினர்கள் பொறுத்தருள வேண்டும். செயற்குழு முறைப்படி கூடியது. வினாடி வினாப் போட்டியும் குளக்கரைப் பறவை நோக்கலும் வழக்கம்போல் நடந்தன. அவற்றை இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன். நம் உழைப்பில் முக்கால் பங்கை ஒரே ஒரு காலைப் பொழுது எடுத்துக்கொண்டுவிட்டதால், இவ்வறிக்கையும் அதைப் பற்றியதாகவே அமைகிறது.

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை, மார்கழி அமாவாசையன்று நிகழ்ந்த, நிலவு சூரியனின் நடுவை மறைத்து விளிம்பை மட்டும் வளையமாக விட்டுவைக்கும் வளைய சூரிய கிரகணத்தின் பாதை சவூதி அரேபியாவில் தொடங்கி, வட கேரளத்தில் கரையேறி, உதகை, கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாக இலங்கையின் வடபகுதிக்குச் சென்று, சுமத்ரா, சிங்கப்பூர் கடந்து பசிபிக் பெருங்கடலில் முடிந்தது. நம் வேடசந்தூர் வட்டாரம் அந்தப் பாதைக்கு உள்ளேயே இருந்தது. உலகின் பிற பகுதிகளிலிருந்து பலர் விமானம் ஏறித் தேடி வரும் காட்சி நம் வீட்டு வாசலுக்கே வரும்போது, பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கக்கூடாது என்பதே ஜூன் மாதச் செயற்குழுவில் எழுந்த முதல் பேச்சு.

அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. 1980 பிப்ரவரி 16 அன்று ஆந்திரம், கர்நாடகம் வழியாக முழுக் கிரகணம் சென்றபோது நம் பகுதியில் சூரியனின் ஒரு பகுதி மறைந்தது. நான் அப்போது பள்ளி மாணவன். அன்று மாலை முழுவதும் எங்களை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள்; சன்னலில்கூடப் போர்வை தொங்கியது. இத்தனைக்கும் கொங்கு நாட்டுக்கும் நீலகிரிக்கும் கிரகணம் புதிதன்று. 1871 டிசம்பர் 12 அன்று முழுக் கிரகணம் கண்டபோது வானியலார் அவிநாசியிலும் தொட்டபெட்டாவிலும் கருவிகளோடு காத்திருந்தார்கள். பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் நீலகிரியின் சோலூரில் இருந்து சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிமகுடத்தை (கொரோனா) ஆராய்ந்தார். ஆராய்ச்சி நடந்த அதே மண்ணில்தான் நூறாண்டுக்குப் பிறகும் நாங்கள் போர்வைக்குப் பின்னால் இருந்தோம்.

ஆகஸ்டு மாதம் முதல் சனிக்கிழமைதோறும் 6 முதல் 9ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு வகுப்பு நடத்தினோம். முதல் வகுப்பு தோல்வி என்பதை மறைக்க வேண்டியதில்லை. மேசையின் நடுவில் ஒரு மின்விளக்கு, ஒரு பெரிய பந்து, ஒரு சிறிய பந்து என்று பாடநூலில் உள்ள படத்தை அப்படியே செய்து காட்டினோம். சிறிய பந்தின் நிழல் பெரிய பந்தின் மீது விழுந்தது, மாணவர்கள் கைதட்டினார்கள். அப்போது 7ஆம் வகுப்பு மாணவி ஒருவர் எழுந்து, "சார், அப்படின்னா மாசாமாசம் அமாவாசைக்குக் கிரகணம் வரணுமே, ஏன் வரலை?" என்று கேட்டார். மேசையில் வைத்த மாதிரிக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியாது. எல்லாப் பந்துகளும் ஒரே மட்டத்தில் உருளும் மேசையில் ஒவ்வொரு மாதமும் கிரகணம்தான். தூரங்களும் சாய்வும் இல்லாத படத்தை வைத்து நாம் இத்தனை ஆண்டுகள் கற்பித்திருக்கிறோம் என்பது ஆசிரிய உறுப்பினர்கள் பலருக்கும் அன்றுதான் உறைத்தது.

இரண்டாவது வகுப்புக்கு ஒரு நீண்ட மூங்கில் குச்சியும், ஒரு சிறிய எலுமிச்சம்பழமும், ஒரு சுண்டைக்காயும் கொண்டுவந்தோம். சுண்டைக்காய் ஒரு சென்டிமீட்டர் அகலம். அது நிலவு என்றால் பூமி ஏறத்தாழ 3.7 சென்டிமீட்டர், அதாவது அந்த எலுமிச்சம்பழம். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் வைக்கலாம் என்று கேட்டபோது பெரும்பாலோர் ஒரு சாண் என்றார்கள். மிகத் துணிந்தவர் ஒரு முழம் என்றார். நிலவின் சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர், அதன் விட்டம் 3,474 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் சுண்டைக்காய் 110 சென்டிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். சூரியனோ இதே அளவில் நான்கு மீட்டர் அகலமாய் 430 மீட்டர் தொலைவில் நிற்கும். இரண்டு மாணவர்கள் ஒரு மஞ்சள் சேலையை நான்கு மீட்டருக்கு விரித்துப் பிடித்துக்கொண்டு சாலையின் மறுகோடியில் நிற்க, இங்கே எலுமிச்சம்பழம் இருக்கும் முனையிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், சேலை முழுவதும் சுண்டைக்காய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. சூரியன் நிலவைப்போல் 400 மடங்கு பெரிது, 400 மடங்கு தொலைவு என்று கரும்பலகையில் எழுதிய வரி அன்றுதான் பிள்ளைகளின் கண்ணுக்கு வந்து சேர்ந்தது.

பிறகு அந்தக் குச்சியை உண்மையான சூரியனை நோக்கிப் பிடித்து, சூரியனைப் பார்க்காமல் நிழலை மட்டும் பார்த்தபடி, சுண்டைக்காயின் நிழலை எலுமிச்சம்பழத்தின் மீது விழச்செய்யச் சொன்னோம். எளிதில் முடியவில்லை. நிழல் மேலே போனது, கீழே போனது, பக்கவாட்டில் நழுவியது. நிலவின் பாதை பூமி செல்லும் பாதையின் தளத்துக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருக்கிறது. நம் குச்சியின் கணக்கில் சுண்டைக்காய் 10 சென்டிமீட்டர் வரை மேலும் கீழும் போய்வரும் என்பது இதன் பொருள். எலுமிச்சம்பழத்தின் பாதி உயரம் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாதபோது, பெரும்பாலான அமாவாசைகளில் நிழல் பூமிக்கு மேலாகவோ கீழாகவோ வெறும் வெளியில் போய்விடுகிறது. நிலவின் பாதை பூமியின் தளத்தை வெட்டும் இரண்டு புள்ளிகளில் ஒன்றை ஒட்டி அமாவாசை அமைந்தால்தான் கிரகணம். கேள்வி கேட்ட மாணவியே குச்சியைப் பிடித்துக்கொண்டு இதை மற்றவர்களுக்கு விளக்கியதை, இவ்வாண்டின் சிறந்த வகுப்பு என்று நான் பதிவு செய்கிறேன்.

எதிர்பாராத உதவி ஒன்று சோதிடத்தின் பக்கத்திலிருந்து வந்தது. டிசம்பர் 26 அன்று தனுசு ராசியில் ஆறு கிரகங்கள் சேர்கின்றன, பெருங்கேடு வரும் என்ற பேச்சு அப்போது ஊரெங்கும் இருந்தது. அந்த ஆறில் சூரியன், சந்திரன், புதன், வியாழன், சனி ஆகிய ஐந்தும் வானில் உள்ளவை. ஆறாவதான கேது ஒரு பொருளே அன்று. மேலே சொன்ன இரண்டு வெட்டுப்புள்ளிகளுக்கு நம் முன்னோர் வைத்த பெயர்களே ராகுவும் கேதுவும். சூரியனும் சந்திரனும் கேதுவோடு சேர்கின்றன என்பது கிரகணம் வரப்போகிறது என்பதை இன்னொரு மொழியில் சொல்வதுதான். 499ஆம் ஆண்டளவிலேயே ஆரியபட்டர் சூரியனை மறைப்பது நிலவு, நிலவை மறைப்பது பூமியின் நிழல் என்று எழுதிவிட்டார். பஞ்சாங்கம் நேரத்தைச் சரியாகச் சொல்கிறதே என்று பெரியவர் ஒருவர் கேட்டபோது, அந்தப் பக்கம் வானியல் கணக்கு, அடுத்த பக்கம் பலன் என்று நம் தலைவர் அவர்கள் பிரித்துச் சொன்னது, வந்திருந்த எவரையும் புண்படுத்தாமல் விளங்கவைத்தது.

வளையம் ஏன் என்ற இடத்தில் ஒரு திருத்தத்தையும் செய்ய வேண்டியிருந்தது. நிலவு மிகத் தொலைவில் இருக்கும்போது வளையம் தெரியும் என்றே நாம் துண்டறிக்கையில் அச்சிட்டிருந்தோம். அன்று நிலவு தன் பாதையின் தொலைமுனையில் இல்லை. சராசரித் தொலைவை ஒட்டியே இருந்தது. ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதால், டிசம்பர் இறுதியில் சூரியன் சற்றுப் பெரிதாகவே தெரிகிறது. சராசரித் தொலைவில் உள்ள நிலவின் கருநிழல் கூம்பு, அதாவது சூரியன் முழுவதும் மறையும் நிழல், பூமியை எட்டுவதற்குச் சற்று முன்பே கூராகி முடிந்துவிடுகிறது. கூம்பின் முனைக்கு அப்பால் நிற்பவர்களுக்கு வளையம். சுண்டைக்காயின் நிழல் எலுமிச்சம்பழத்தின் மீது கருப்பாக விழாமல், சாம்பல் நிறக் கறைபோல் விழுந்ததற்கும் அதுவே காரணம். துண்டறிக்கையில் பிழை என்னுடையது. இரண்டாம் அச்சில் திருத்தினோம்.

அக்டோபரில் மாணவர்களைக் கோடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்றோம். 1899இல் தொடங்கிய அந்நிறுவனம் நம் மாவட்டத்திலேயே இருந்தும், வந்தவர்களில் பெரும்பாலோர் கோடைக்கானலில் ஏரியை மட்டுமே பார்த்தவர்கள். அங்கு 1904 முதல் சூரியனை நாள்தோறும் படமெடுத்து வருகிறார்கள் என்று அறிந்த பிறகு பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சு.

கண் பாதுகாப்புக்கு வருகிறேன். கிரகண நாளின் சூரியனில் தனி நஞ்சு ஏதுமில்லை; எந்த நாளிலும் சூரியனை நேராகப் பார்த்தால் விழித்திரை கருகும், வலி தெரியாமலே கருகும். மற்ற நாட்களில் கண் கூசுவதால் பார்வையைத் திருப்பிக்கொள்கிறோம், கிரகணத்தன்று ஆசையால் பார்க்கிறோம் என்பதே வேறுபாடு. புகையேற்றிய கண்ணாடி, எக்ஸ்ரே படச்சுருள், குளிர்கண்ணாடி, சாணி கரைத்த நீர் ஆகிய எதுவும் ஆகாது என்று வகுப்புதோறும் சொன்னோம். சூரியனைப் பார்ப்பதற்கென வகுத்த ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற பன்னாட்டுத் தரமுள்ள கண்ணாடிகளும், 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடியும் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. இதில் ஒரு தொல்லை நேர்ந்தது. ஒரு கடையிலிருந்து வந்த ஒரு கட்டுக் கண்ணாடிகளைப் போட்டுப் பார்த்தபோது கூட்ட அறையின் குழல்விளக்கு தெளிவாகத் தெரிந்தது. நல்ல கண்ணாடியில் சூரியனைத் தவிர இதெல்லாம் தெரியக்கூடாது. அந்தக் கட்டு முழுவதையும் வெட்டிப் போட்டோம். பணம் இன்றுவரை திரும்பவில்லை. பொருளாளர் இதைக் கணக்கில் இழப்பாகக் காட்டியிருக்கிறார். அந்த இழப்பைக் குறித்து எனக்கு வருத்தமில்லை.

கிரகண நாளின் ஏற்பாடு கடைசி வாரத்தில் கலைந்து போனது. ஊரக உள்ளாட்சித் தேர்தலின் முதல் கட்ட வாக்குப்பதிவு டிசம்பர் 27 என்று அறிவிக்கப்பட்டதால், பள்ளிக்கூடங்கள் வாக்குச்சாவடிகளாயின. நம் ஆசிரிய உறுப்பினர்கள் அனைவரும் 26ஆம் தேதியே தேர்தல் பணிக்குப் போய்விட்டார்கள். அரையாண்டு விடுமுறையும் சேர்ந்துகொண்டது. ஆகவே குளக்கரைத் திடலுக்கு இடம் மாற்றி, 9ஆம் வகுப்பு மாணவர்களையே விளக்குநர்களாக நிறுத்தினோம். இயலாமையால் செய்த இந்த மாற்றம், திட்டமிட்டதைவிட நன்றாக அமைந்தது என்பது என் கருத்து.

காலை எட்டு மணி கடந்த சில நிமிடங்களில் சூரியனின் விளிம்பு கடிபட்டது. ஒன்பதரையை ஒட்டி வளையம் முழுமை பெற்று, ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் நின்றது. திடலில் யாரும் பேசவில்லை. ஆனால் இருட்டும் என்று நினைத்து வந்தவர்கள் ஏமாந்தார்கள். நிலவின் விட்டம் சூரியனின் விட்டத்தில் 97 விழுக்காடுதான். பரப்பில் கணக்கிட்டால் 94 விழுக்காடு மறைந்து, எஞ்சிய 6 விழுக்காடே பகலைப் பகலாக வைத்திருக்கப் போதுமானது. வெயில் மட்டும் நிலவொளிபோல் வெளிறி, காற்றில் குளிர்ச்சி தெரிந்தது. வளையத்தைவிட என்னைக் கவர்ந்தது கரையிலிருந்த புங்கமரத்தின் அடி. இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமராவாகி, தரை முழுவதும் நூற்றுக்கணக்கான பிறைகள், பிறகு வளையல்கள். கண்ணாடி கிடைக்காத சிறுவர்கள் சல்லடையையும் அரிகரண்டியையும் வீட்டிலிருந்து கொண்டுவந்து அவற்றின் நிழலில் அதையே கண்டார்கள்.

கிரகண நேரத்தில் வெண்பொங்கல் வழங்குவது குறித்துச் செயற்குழுவில் இரு கருத்து இருந்தது. சாப்பிடுவதை ஒரு சவாலாக்க வேண்டாம், விரும்பியவர் உண்ணட்டும் என்று முடிவு செய்தோம். முதலில் தயங்கிய தாய்மார்கள் சிலர் பத்து மணிக்கு மேல் தாமாகவே இலையை வாங்கினார்கள். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தும் வழக்கத்தையும் தடுக்கவில்லை. கிரகணத்தின்போது திடலில் உலக்கை நின்றது. மறுநாள் அதே உலக்கையை, அதே தாம்பாளத்தில், கிரகணம் இல்லாத வெயிலில் மாணவர்கள் நிறுத்திக் காட்டினார்கள். அப்போதும் நின்றது. பூண் தட்டையாக இருந்து, நிறுத்தும் கை நிதானமாக இருந்தால் எந்நாளும் நிற்கும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். வகுப்புக்குத் தவறாமல் வந்த மாணவியரில் பலரை, அன்று வீட்டார் வெளியே விடவில்லை. கருவுற்ற பெண்கள் இருந்த வீடுகளுக்கு முன்கூட்டியே சென்று பேசியிருக்க வேண்டும். மருத்துவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லும் எண்ணமே நமக்குத் தோன்றவில்லை. ஜனவரியில் மாணவர்களை எழுதச் சொன்னபோது, குச்சியைக் கையில் பிடித்தவர்கள் சாய்வைப் பற்றித் தெளிவாக எழுதினார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் பழைய மேசைப் படத்தையே வரைந்தார்கள். ஒரு குச்சிக்கு இருவர் என்ற அளவுக்கு மேல் போகக்கூடாது என்று அடுத்த முறைக்குக் குறித்து வைத்திருக்கிறேன்.

2020 ஜூன் 21 நிகழ்வு அடுத்த ஆண்டுக் கணக்கில் வரும் எனினும் ஒரு சொல். டிசம்பர் அமாவாசைக்குப் பின் ஆறாவது அமாவாசையில், சூரியன் மறு வெட்டுப்புள்ளியை ஒட்டி நின்றபோது அந்தக் கிரகணம் வந்தது. ராஜஸ்தான், ஹரியானா, உத்தரகாண்டில் வளையம், நமக்குப் பகுதி மட்டும். ஊரடங்கில் யாரும் கூட முடியவில்லை. அன்று நம் மாணவர்கள் பத்திரப்படுத்தி வைத்திருந்த கண்ணாடியோடு தத்தம் மொட்டைமாடியில் நின்று, வீட்டாருக்குத் தாங்களே காட்டினார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதும்போது எனக்கு மகிழ்ச்சி.

அடுத்த வளையம் 2031 மே 21 அன்று மதுரைப் பக்கமாக வருகிறது. இன்று 7ஆம் வகுப்பில் இருப்பவர்கள் அப்போது வேலைக்குப் போயிருப்பார்கள். கீறல் விழாத கண்ணாடிகளை உறையிலிட்டு அலமாரியில் வைத்துள்ளோம். மூங்கில் குச்சிகள் பன்னிரண்டும் அங்கேயே உள்ளன. வட்டாரப் பள்ளிகள் கேட்டால் இரவல் தருவதற்குப் பதிவேடு திறந்திருக்கிறோம். எலுமிச்சம்பழத்தையும் சுண்டைக்காயையும் அவரவர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் வைக்கிறேன்.

செயலாளர்