ராமநாதபுரம் கம்ப்யூட்டர் கடைக்காரர்களுக்கு: பில்லில் சிப்பின் பெயரையும் எழுதுங்கள்

அன்புள்ள கடைக்கார அண்ணன்மார்களுக்கு,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருப் பிள்ளைகள் படிப்பதற்காகப் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறோம். அதற்கு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்க உங்களில் ஒருவர் கடைக்கு வந்தேன். லினக்ஸில் வேலை செய்யுமா என்று கேட்டதற்கு, "எல்லாத்துலயும் ஓடும் தம்பி" என்று பதில் வந்தது. பாம்பன் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்து செருகினால் வைஃபையைக் காணோம், ஒரு சிடி முளைத்திருந்தது! உள்ளே விண்டோஸ் டிரைவர், அதாவது அடாப்டரை விண்டோஸில் இயக்கும் மென்பொருள்.

செருகியிருக்கும் யுஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை டெர்மினலில் அடித்துப் பார்த்தேன். அடாப்டரின் அடையாள எண் 1ஏ2பி என்று முடிந்தது. அடாப்டர் போட்டிருந்த சிடி வேஷம் அது. அந்தச் சிடியை எஜெக்ட் செய்ததும் எண் சி811 ஆனது. அதாவது உள்ளே இருப்பது ரியல்டெக் நிறுவனத்தின் 8811சியூ சிப். அப்போதும் வைஃபை வரவில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில்தான் டிரைவர்கள் இருக்கும், என்னிடம் இருந்தது 5.15 கர்னல். இந்தச் சிப்புக்கான டிரைவர் கர்னலுக்குள் வந்ததே 2023 பிப்ரவரியில் வெளியான 6.2-இல்தான். புதுக் கர்னல் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். கடைசியில் போனை யுஎஸ்பி வயரில் மாட்டி, அதன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குப் பகிர்ந்து (டெதரிங்), 6.8 கர்னலை இறக்கினேன். சரி, இப்போது ஓடுகிறது.

சிப் மேல் குற்றமில்லை. உங்கள் மேலும் கோபமில்லை, பெட்டியில் வேகத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் சிப்பின் பெயரைப் போடுவதில்லை. மாடல் எண்ணை நம்பியும் பயனில்லை. டிபி-லிங்கின் டபிள்யூஎன்722என்-இல் முதல் பதிப்பில் ஏதெரோஸ் சிப், இரண்டாவதில் ரியல்டெக். பெயர் மட்டும் அதேதான்.

கச்சான் கடற்காற்றில் யுஎஸ்பி முனைகூடத் துருப்பிடிக்கிற ஊர் நம்முடையது. அடாப்டர் வாங்க நாங்கள் அடிக்கடி வருவோம். அதனால்தான் கேட்கிறேன், பில்லில் சிப்பின் பெயரை எழுதிக் கொடுங்கள். கடையில் லினக்ஸ் போட்ட பென் டிரைவ் ஒன்று இருந்தால், அதிலிருந்து கம்ப்யூட்டரைத் துவக்கி அடாப்டரைச் செருகிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பழைய கர்னல்காரர் வந்தால் மீடியாடெக் எம்டி7601யு சிப் உள்ளதைக் கொடுங்கள். 2015-இல் வந்த 4.2 கர்னலிலிருந்தே டிரைவர் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வைஃபை மட்டும்தான் பிடிக்கும், பாடம் பார்க்க அது தாராளம்.

அடுத்த வாரம் இன்னொரு அடாப்டர் வாங்க வருகிறேன். பென் டிரைவை நானே தயார் செய்து கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்து வாடிக்கையாளர்