விக்கியை விடவேண்டாம், அதன் அடியில் கிட்டை வையுங்கள்

கோத்தகிரி இலைக் கணக்கு நிரலை நம் விக்கியில் எழுதிவரும் எல்லோருக்கும், முக்கியமாக நிர்வாகி உரிமை வைத்திருக்கும் மூன்று பேருக்கும்,

வணக்கம். நேரில் ஆரம்பித்தால் பேச்சு டீ, வர்க்கி என்று எங்கேயோ போய்விடுகிறது, அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். விஷயம் இதுதான்: விக்கியை மூடிவிட்டு கிட்டுக்கு (Git, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) போய்விடலாம் என்கிறார்கள் சிலர், இரண்டையும் சேர்த்து வைக்கலாம் என்கிறேன் நான்.

ஐப்பசியில் நடந்த கூத்து மறந்திருக்காது. ஈரத் தேயிலைக்கு எடையில் கழிக்கும் விகிதம் நம் நிரலில் 8 என்று இருந்தது, ரசீதுப் பக்கம் அதை நூறால் வகுத்துக்கொள்ளும். நேராக 0.08 என்றே போட்டுவிட்டு வகுத்தலை எடுத்துவிடலாம் என்று நான்தான் கை வைத்தேன். கழிவுப் பக்கத்தைச் சேமித்தேன், ரசீதுப் பக்கத்தில் 'தொகு' அழுத்தினேன், கரண்ட் போய்விட்டது. மழையில் எங்கோ மரம் விழுந்து, மறுநாள் மத்தியானம்தான் வந்தது. எடை போடும் இடத்தில் ஜெனரேட்டர் இருக்கிறதே! அங்கிருந்த கணினி வழக்கம்போல விக்கியிலிருந்து நிரலை எடுத்துக்கொண்டு, 250 கிலோ இலைக்கு 20 கிலோ கழிக்கவேண்டிய இடத்தில் 200 கிராம் கழித்துக்கொண்டிருந்தது. அப்புறம் வீடு வீடாகப் போய் ரசீதைத் திருப்பி வாங்கியதும் நான்தான்.

தப்பு என்னுடையதுதான். ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒரே மாற்றமாகச் சேமிக்க, நம் விக்கி ஓடும் மென்பொருளான மீடியாவிக்கியில் வழியில்லை, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி வரலாறு. அதைவிட எரிச்சல், அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு முழு நிரலும் எப்படி இருந்தது என்று பார்க்க முடியவில்லை. முதன்மைப் பக்கத்தின் பழைய பதிப்பைத் திறந்தாலும், அது உள்ளே இழுக்கும் வார்ப்புருக்கள் (மற்றப் பக்கங்களில் செருகப்படும் பொதுப் பக்கங்கள்) இன்றைய நிலையில்தான் வந்து நிற்கும். சரி, தொகுப்புச் சுருக்கத்தைப் பார்த்தாவது கண்டுபிடிக்கலாம் என்றால் பாதிக்கு மேல் காலி, மீதியில் 'சரி செய்தேன்' (அதில் பல என்னுடையவை).

கிட்டில் ஒரு கமிட், அதாவது ஒருமுறை பதிந்துவைப்பது, என்றால் எல்லாக் கோப்புகளும் சேர்ந்த ஒரே நிலை. இரண்டு கோப்பும் சேர்ந்து போகும், இல்லையென்றால் இரண்டுமே போகாது. நெட் இல்லாவிட்டாலும் கமிட் போட்டு வைத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் இடத்தில் புஷ் பண்ணலாம் (சர்வருக்கு அனுப்பலாம்), நம் ஊருக்கு இது சின்ன விஷயமில்லை.

அதற்காக விக்கியை மூடிவிடலாம் என்று சிலர் சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. எடை போடும் அக்கா கிட் படிக்கப்போவதில்லை, ஆனால் சாக்கு எடைக் கழிவு தப்பாக இருப்பதை முதலில் பார்த்து, பிரவுசரிலேயே திருத்தியது அவர்தான். வார்டு கன்னிங்காம் 1995இல் முதல் விக்கியை வைத்ததே நிரல் எழுதுகிறவர்கள் பேசிக்கொள்ளத்தான், நாம் ஒன்றும் விக்கியை அதன் வேலைக்குச் சம்பந்தமில்லாமல் இழுத்துவிடவில்லை.

இரண்டும் சேர்ந்தே வரும் மென்பொருள்கள் இருக்கின்றன. கோல்லம், இக்கிவிக்கி இரண்டிலுமே பக்கங்கள் கிட் ரெப்போவில் (கோப்புகளும் அவற்றின் வரலாறும் சேர்ந்த தொகுப்பில்) சாதாரணக் கோப்புகளாக இருக்கும், பிரவுசரில் சேமித்தால் அதுவே ஒரு கமிட். அக்கா பிரவுசரில் திருத்தட்டும், இரண்டு மூன்று பக்கத்தைத் தொடும் வேலையை நாம் எடிட்டரில் செய்து ஒரே கமிட்டாக அனுப்புவோம். கிட் ரெப்போக்களை நெட்டில் வைக்கும் தளமான கிட்ஹப்பிலேயே விக்கி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே விக்கி ஒரு தனி ரெப்போ, நிரல் இன்னொரு ரெப்போ, திரும்பவும் இரண்டு வரலாறுதான்.

இன்னொன்றும் வேண்டும். சேமித்தவுடனே எடைக் கணினிக்குப் போகும் வழக்கத்தை நிறுத்துங்கள். மெயின் பிராஞ்சில், அதாவது ரெப்போவின் முதன்மைக் கிளையில், எது வந்தாலும் பழைய ரசீதுகள் இருபதை வைத்து ஒரு ஸ்கிரிப்ட் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும், எல்லாம் ஒத்துவந்த கமிட்டை மட்டும் எடைக் கணினி எடுத்துக்கொள்ளட்டும்.

பழைய வரலாறு போய்விடுமே என்ற பயம் வேண்டாம். விக்கியிலிருந்து ஏற்றுமதி செய்த திருத்தங்களை, யார் என்றைக்குச் செய்தார்கள் என்பது மாறாமல் கிட்டுக்குள் கொண்டுவர ஃபாஸ்ட்-இம்போர்ட் என்ற கிட் கட்டளை இருக்கிறது. பெயருக்குப் பதில் விக்கிப் பயனர்பெயரையே போட்டுக்கொள்ளலாம்.

எனக்கு வேண்டியது முழு வரலாற்றையும் ஏற்றுமதி செய்யும் அனுமதி மட்டும். கோல்லத்தில் ஒரு மாதிரியை என் லேப்டாப்பில் ஓட்டி வைத்திருக்கிறேன், அடுத்த கூட்டத்துக்கு எடுத்துவருகிறேன். அன்றைக்கும் கரண்ட் இல்லாவிட்டால் பரவாயில்லை, பேட்டரி மூன்று மணி நேரம் நிற்கும்.