கோழிக் கூண்டுகளை அகற்றச் சொல்லும் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் நகர்க் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

கோழி வளர்க்கும் வீடுகளுக்கு நீங்கள் கொடுத்த சுற்றறிக்கையைப் படித்தேன். கூண்டைத் தினமும் தண்ணீர் விட்டுக் கழுவி பிளீச்சிங் பவுடர் தூவ வேண்டும், முடியாதவர்கள் பொங்கலுக்குள் கோழிகளை அப்புறப்படுத்த வேண்டும் என்கிறது அது. நாற்றம், ஈ என்று நீங்கள் சொல்லும் இரண்டு குறையும் உண்மைதான். அடைமழை நாட்களில் நம் குறுக்குத் தெருக்களில் மூக்கைப் பொத்தாமல் நடக்க முடியவில்லை. நானும் கோழி வளர்க்கிறவன்தான், அதற்காக இதை மறுக்கப்போவதில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் வைத்தியம் நாற்றத்தைக் கூட்டத்தான் செய்யும்.

கோழிக்குச் சிறுநீர் தனியாகப் போகாது. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிகிறதே, அந்த யூரிக் அமிலம்தான் அது. காய்ந்துவிட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். ஈரம் நின்றால் நுண்ணுயிரிகள் அதை உடைத்து அமோனியாவாக்கும். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி இதுதான். புது எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். அதன் மேல் ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? பாதி சாக்கடைக்குப் போய்த் தேங்கும், மீதி தரை வெடிப்பில் ஊறிக்கொண்டே இருக்கும். நம் நகரில் விழுந்து விழுந்து கழுவுகிற வீடுகளில்தான் நெடி அதிகம். சந்தேகமிருந்தால் ஒருநாள் மாலை நடைப்பயிற்சியின்போது மோந்து பாருங்கள்.

பிளீச்சிங் பவுடர் விஷயம் இன்னும் மோசம். அமோனியாவும் அதுவும் சேர்ந்தால் குளோரமைன் என்ற வாயு உண்டாகும். கண் எரியும், தொண்டை கரகரக்கும், மூச்சு முட்டும். காற்றோட்டமில்லாத கூண்டுக்குள் குனிந்து இதைத் தூவுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். கூண்டைக் காலி செய்து, எச்சத்தைச் சுத்தமாக அள்ளி, கழுவிய பிறகு கிருமி நீக்க அதைப் பயன்படுத்தலாம். எச்சத்தின் மேலேயே தூவக் கூடாது. தயவுசெய்து அந்த வரியை மட்டுமாவது உடனே திரும்பப் பெறுங்கள். பலரும் தூவும் சுண்ணாம்புத் தூளிலும் இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு. ஈரத்தை இழுக்கும், ஆனால் காரத்தன்மை கூடுவதால் எச்சத்திலிருக்கும் அமோனியாவைக் கிளப்பிவிடும்.

அப்புறம் என்னதான் செய்வது? கூண்டுக்குள் தண்ணீர் போகக் கூடாது, உமி போக வேண்டும். பண்ணைக்காரர்கள் ஆழ்கூளம் என்கிறார்கள். தரையில் மூன்று நான்கு அங்குலத்துக்கு உமி பரப்பினால் எச்சத்தின் ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். கோழிகள் கிளறிக்கொண்டே இருப்பதால் காற்றும் புகும். வாரம் இரண்டு முறை களைக்கொத்தியால் கிளறிவிட்டு, மேலே கொஞ்சம் புது உமி போட்டால் போதும். ஈரம் இழுப்பதில் மரத்தூள் உமியைவிடக் கொஞ்சம் மேல். ஆனால் பிளைவுட் அறுத்த தூள் வேண்டாம், அதில் பசை கலந்திருக்கும். பதம் பார்க்கக் கருவி தேவையில்லை. ஒரு கைப்பிடி கூளத்தை இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்தால் மெல்ல உதிர வேண்டும். கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றால் ஈரம் அதிகம். கொஞ்சமும் ஒட்டாமல் பொலபொலவென்று கொட்டினால் தூசி பறக்கும், அதுவும் கோழிக்கு ஆகாது.

நம் வீட்டுக் கோழிகள் பகலெல்லாம் வெளியே மேய்ந்துவிட்டு இரவில் மட்டும்தானே கூண்டில் அடைகின்றன. ஆகவே கூண்டில் விழுகிற எச்சத்தில் பெரும்பகுதி அவை உட்காரும் கழிக்கு நேர் கீழேதான் குவியும். அங்கே ஒரு தகரத் தட்டில் உமி போட்டு வைத்து, காலையில் சுரண்டி எடுத்தால் பாதி வேலை முடிந்தது. இரும்பு வலை போட்ட ரெடிமேட் கூண்டுகள் பார்க்கச் சுத்தமாக இருக்கும். எச்சம் வலை வழியே கீழே விழுந்து, கண்ணில் படாமல் குவிந்து, மழையில் நனைந்து, ஈ முட்டையிடத் தோதாகக் கிடக்கும். நம் ஊர் வெயிலில் ஈ முட்டை பறக்கிற ஈயாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். எனவே அந்தக் குவியலை வாரம் ஒருமுறை அள்ளினாலே ஈ பெருகுவது வெகுவாகக் குறையும். என்னைக் கேட்டால், தடை செய்ய வேண்டியது கோழியை அல்ல, அடியில் தட்டில்லாத அந்தக் கூண்டுகளை.

கூளம் நனைவது கோழிக்கும் கேடு. ரத்தக் கழிச்சல் கிருமி ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள கூளத்தில் ஓரிரு நாளிலேயே தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். அமோனியா நெடியிலேயே கிடக்கும் கோழிக்கு மூச்சுக்குழல் புண்ணாகிச் சளி நோய் பிடிக்கும். ஆகவே கூரையை ஓரடி நீட்டிச் சாரல் தடுப்பதும், தண்ணீர்க் கிண்ணத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்குச் செங்கல் மேல் வைப்பதும் அவரவர் நலத்துக்கே.

சேவல் விடியற்காலையில் கூவுவது தனி வழக்கு. அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை.

அள்ளிய எச்சம் எங்கே போகிறது என்பதுதான் உண்மையான தலைவலி. பத்துக் கோழி ஒரு நாளில் போடும் எச்சம் ஏறக்குறைய ஒரு கிலோ, அதில் இரவில் கூண்டில் விழுவதே கணிசமாகச் சேரும். இப்போது அதை பாலிதீன் பையில் கட்டி மட்கும் குப்பையோடு போடுகிறார்கள், பை கிழிந்து தெருவே நாறுகிறது. இன்னொரு பக்கம், மாடித்தோட்டம் வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் கடையில் காசு கொடுத்து எரு வாங்குகிறார்கள்! கோழி எருவில் தழைச்சத்து அதிகம். பச்சையாகப் போட்டால் செடி கருகும். உமிக் கூளத்தோடும் காய்ந்த இலைகளோடும் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, குவித்து, அவ்வப்போது புரட்டினால் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறிப் பெரும்பாலான கிருமிகள் சாகும். உமி மட்க நாளாகும், மூன்று நான்கு மாதமாவது பொறுக்க வேண்டும். அள்ளும்போது மூக்கில் துணி கட்டுவதும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் கட்டாயம். கோழியோடு விளையாடும் குழந்தைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

தஞ்சாவூர்ப் பக்கம் இருந்துகொண்டு உமிக்கு அலைய வேண்டியதில்லை. அரிசி ஆலைகள் பாய்லரில் எரித்தது போக மிச்சத்தைச் செங்கல் சூளைக்காரர்களுக்கு விற்கின்றன. கோழி வளர்க்கும் வீடுகள் சேர்ந்து ஒரு டெம்போ உமி இறக்கிக்கொள்கிறோம், செலவு எங்களுடையது. சங்கத்திடம் கேட்பது இரண்டுதான்: பூங்காவின் பின்சுவர் ஓரம் எருக்குழிக்குப் பத்தடிக்குப் பத்தடி இடம், கோழிகளை அகற்றும் கெடுவை அடுத்த ஐப்பசி மழை வரை தள்ளிவைப்பது. கூளம் சரியாக இருக்கிறதா என்று மழைக்காலத்தில்தான் தெரியும். அப்போது வந்து பாருங்கள், நாறுகிற கூண்டை நானே கூட நின்று பிரித்துத் தருகிறேன்.

அடுத்த கூட்டத்தில் இதைப் பேச எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோழி வளர்க்கும் உறுப்பினர் ஒருவன்