சாதனம் சொல்லும் நீளத்தை டிரைவர் நம்பலாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினிப் பாதுகாப்பு என்றாலே கடவுச்சொல், போலி மின்னஞ்சல், வைரஸ் ஆகியவற்றோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி, பென் டிரைவ் போன்ற சேமிப்புச் சாதனங்களை இயக்கமுறைமையோடு இணைக்கும் டிரைவர் நிரல்களில் நேரும் பஃபர் ஓவர்ஃப்ளோ பிழைகளைப் பற்றியும் வாசகர்கள் அறிய வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

தரவைத் தற்காலிகமாக வைக்க நினைவகத்தில் ஒதுக்கப்படும் இடமே பஃபர். ஒதுக்கிய அளவுக்கு மேல் எழுதினால், மிகுதி அடுத்த இடத்தில் விழுந்து அங்கிருந்ததை அழித்துவிடும். சாதாரணச் செயலியில் இந்தத் தவறு பெரும்பாலும் அந்தச் செயலியோடு போய்விடும். டிரைவரோ பொதுவாகக் கெர்னல் என்னும் இயக்கமுறைமையின் மையப் பகுதிக்குள்ளேயே இயங்குவதால், அதில் நேரும் தவறு முழுக் கணினியையும் முடக்கலாம், அல்லது அந்நியர் கையில் ஒப்படைத்துவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கணினியும் சேமிப்புச் சாதனமும் பேசிக்கொள்ளும் ஸ்கசி நெறிமுறையில், புதிதாக இணைந்த சாதனம் எது என்று கேட்கும் கட்டளைக்குக் குறைந்தது 36 பைட் பதில் வரும். அதில் தயாரிப்பாளர் பெயருக்கு 8, பொருளின் பெயருக்கு 16, பதிப்புக்கு 4 பைட். எழுத்துச் சரம் முடிந்ததைக் காட்ட சி நிரல்மொழி எதிர்பார்க்கும் பூஜ்ய பைட் இந்தப் பெயர்களின் இறுதியில் இருக்காது என்பதால், வழக்கமான சரம் நகலெடுக்கும் செயற்கூறைப் பயன்படுத்தினால் அது எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அதே பதிலின் ஐந்தாவது பைட், தனக்குப் பின் எத்தனை பைட் வரும் என்று அறிவிக்கிறது. அது 255 வரை போகலாம். டிரைவர் 36 பைட் மட்டும் ஒதுக்கிவிட்டு, நகலெடுக்கும் அளவை அந்தப் பைட்டிடம் கேட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. பொய்யான பதில் தரும்படி ஒரு பென் டிரைவை நிரலாக்குவது நடக்கக்கூடிய காரியம்தான்.

லினக்ஸ் இயக்கமுறைமையில், ஸ்கசி கட்டளைகளை வலையமைப்பு வழியே அனுப்பும் ஐஸ்கசி பகுதியில் 2006இல் நுழைந்த இத்தகைய பிழை ஒன்று 2021இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அமைப்பு மதிப்புகளை வாங்கும் இடத்தில் அவற்றின் நீளத்துக்குச் சரியான வரம்பு இல்லை. அவற்றைக் காட்டும் இடத்தில், ஒரே ஒரு நினைவகப் பக்க அளவிலான, அதாவது பொதுவாக 4096 பைட் கொண்ட பஃபரில், நீளம் பார்க்காமல் எழுதினார்கள். தனித்தனியே படித்தால் இரண்டு இடங்களும் குற்றமற்றவையாகவே தோன்றும். நிரலை மறு ஆய்வு செய்வோர் கண்ணில் இது இத்தனை ஆண்டுகள் படாததற்கு அதுவே காரணம் என்பது என் கருத்து.

பெருக்கலிலும் ஆபத்து உண்டு. மொத்த அளவைக் கணக்கிட 83,88,608 தொகுதிகளை, தொகுதிக்கு 512 பைட் என்று பெருக்கி 32 பிட் எண்ணில் வைத்தால், அதில் கொள்ளாமல் வழிந்து விடை பூஜ்யமாகிவிடும். அதை நம்பி ஒதுக்கிய பஃபர் எதற்கும் போதாது. வழிதலைக் கண்டுபிடிக்கும் பெருக்கல் செயற்கூறுகள் லினக்ஸ் கெர்னலில் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாமல் விட நியாயம் ஏதுமில்லை.

இப்படி நீளத்தைச் சரிபார்ப்பது வேகத்தைக் குறைக்கும் என்பாரும் உளர். வேகமான எஸ்எஸ்டியிலும் ஒரு வாசிப்புக்குப் பல மைக்ரோவினாடிகள் பிடிக்கும். இரு எண்களை ஒப்பிட ஒரு நானோவினாடி அளவே போதும். பஃபரின் எல்லையை மீறவிடாமல் காக்கும் ரஸ்ட் என்னும் நிரல்மொழிக்கு மாறினால் தொல்லை தீரும் என்ற நம்பிக்கையும் பரவிவருகிறது. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1இல் அம்மொழிக்கு இடம் கிடைத்ததை நான் மனமார வரவேற்கிறேன். ஆனாலும், டிஎம்ஏ முறையில் சாதனமே நேரடியாக நினைவகத்தில் எழுதும்போது, எவ்வளவு எழுதலாம் என்று அதற்குத் தவறான அளவைக் கொடுத்துவிட்டால் எந்த மொழியும் அதைத் தடுக்காது. சாதனம் நினைவகத்தின் எந்தப் பகுதியைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூ என்னும் வன்பொருள் காவலும் நினைவகப் பக்கக் கணக்கில்தான் காக்கும். ஒரே பக்கத்துக்குள் நேரும் வழிதல் அதற்குத் தெரியாது.

ஆகவே, நகலெடுக்கும் ஒவ்வொரு வரியிலும் இந்த நீளம் எங்கிருந்து வந்தது, எந்த வரியில் சரிபார்க்கப்பட்டது என்று மறு ஆய்வு செய்வோர் கேட்க வேண்டும். விடை கிடைக்காத நிரலை ஏற்கக் கூடாது. சாதனங்களைத் தயாரிக்கும் நிறுவனங்களும், ஒழுங்காகப் பதில் சொல்லும் வட்டுகளை மட்டும் வைத்து டிரைவரைச் சோதிக்காமல், குறைவாகவும் மிகுதியாகவும் முரணாகவும் நீளம் சொல்லும் போலிச் சாதனங்களை மென்பொருளில் உருவாக்கி, கேசான் போன்ற நினைவகப் பிழை காட்டும் கருவியை இயக்கியபடி சோதித்த பின்னரே அதை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டிரைவர் நிரலாளர் ஒருவர்