ஒயின் தோட்டங்களுக்குச் சான்றிதழ் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சான்றிதழ்க் குழுவினருக்கு,

வணக்கம். குடும்பமாகத் திராட்சை பயிரிட்டு ஒயின் எடுப்பவர்களின் சார்பில் எழுதுகிறோம். சுற்றுச்சூழலைக் காக்கும் தோட்டங்களுக்கு நீங்கள் தரும் சான்றிதழின் படிவத்தில் தடை செய்த மருந்துகளின் பட்டியல் நீளமாக இருக்கிறது. மண்ணில் என்ன சேர்கிறது, சாக்கடையில் என்ன போகிறது என்ற கேள்விகள்தான் குறைவு.

முதலில் தாமிரம். இயற்கை முறையில் அடிச்சாம்பல் என்ற பூஞ்சை போன்ற நோயை அடக்க இன்றும் அதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை 1880களிலிருந்தே புழக்கத்தில் உள்ளது. ஆனால் தாமிரம் சிதையாது. மேல்மண்ணிலேயே தங்கி மண்புழுக்களைப் பாதிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுகளுக்குச் சேர்த்து ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு வைத்திருப்பது நல்ல வழி. மழை ஓயாத ஆண்டில் கூடுதலாகவும் வறண்ட ஆண்டில் குறைவாகவும் அடிக்க அது இடம் தருகிறது. நீங்களும் பல ஆண்டுக் கணக்கையே பாருங்கள். கூடவே மேல்மண்ணின் தாமிர அளவைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள்.

அடிக்கும் நேரமும் முக்கியம். தாமிரம் இலைமேல் படிந்து காக்குமே தவிர, உள்ளே புகுந்த பூஞ்சையை ஒன்றும் செய்யாது. ஆகவே மழைக்கு முன் அடித்தால்தான் பயன். தளிர் 10 செ.மீ. வளர்ந்து, வெப்பம் 10 டிகிரியைத் தாண்டி, ஓரிரு நாளில் 10 மி.மீ. மழையும் பெய்தால் முதல் தொற்றுக்கு வாய்ப்பு உண்டு என்பது பழைய கணக்கு. அதை விட்டுவிட்டு நாட்காட்டியைப் பார்த்து அடித்தால் பாதி வீண். தெளிப்பானின் மூக்குத் தேய்ந்திருந்தாலும் அப்படித்தான். ஒரு நிமிடம் அளவுக் குவளையில் பிடித்துப் பார்க்க வேண்டும். குறித்த அளவைவிட 10 சதவீதம் கூடுதலாக வந்தால் மூக்கை மாற்றிவிட வேண்டும். இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை, ஆனாலும் உங்கள் ஆய்வாளர்கள் இதைக் கேட்பதில்லை.

சாம்பல் நோய் அடிச்சாம்பலிலிருந்து வேறானது; அதற்கு அடிக்கும் கந்தகமும் வேறு ரகம். வெயில் 30 டிகிரியைத் தாண்டும் நாளில் அடித்தால் இலையும் காயும் கருகும். குலைகளைச் சுற்றி, காலை வெயில் படும் பக்கத்து இலைகளைக் கிள்ளிவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும், மருந்தின் தேவையும் குறையும்.

கழுவு நீரைப் பற்றி உங்கள் படிவத்தில் ஒரே வரிதான். தொட்டியை காஸ்டிக் சோடாவால் கழுவி அந்த நீரைத் தோட்டத்துக்கே விட்டால், அதிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து நீர் இறங்காமல் செய்துவிடும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு மாறினால் மண் தப்பிக்கும். அதையும் கொடிகளுக்கு அளவின்றி விட்டால் பழச்சாற்றின் பிஎச் ஏறிவிடும், அதாவது புளிப்பு குறையும். எல்லாவற்றுக்கும் முன், பிழிந்த திராட்சைச் சக்கையையும் தொட்டியின் அடியில் படியும் வண்டலையும் தண்ணீர் படாமல் வழித்தெடுப்பதுதான் முதல் வேலை. ஒயினிலிருந்து பிரிந்து தொட்டிச் சுவரில் ஒட்டிய டார்ட்டரேட் என்ற உப்புப் படிகம் பெரும்பாலும் வெந்நீரிலேயே கரைந்துவிடும். சக்கையை வைக்கோலோடு கலந்து மட்க வைக்கலாம். வண்டலை அப்படியே ஓடையில் விட்டால் நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன் சாகும்.

பிஎச் ஏறினால், ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைட்டும் (கந்தக டை ஆக்சைடு தரும் உப்பு) கூடுதலாக வேண்டும். கிருமியைத் தடுக்க பிஎச் 3.2-இல் லிட்டருக்குச் சுமார் 21 மி.கி. கட்டற்ற (ஒயினில் வேறெதோடும் பிணையாத) கந்தக டை ஆக்சைடு போதும், 3.8-இல் ஏறக்குறைய 80 மி.கி. வேண்டும். இதை அறியாமல் ‘சல்பைட் குறைவு’ என்று மதிப்பெண் போட்டால், கெட்டுப்போகும் ஒயினுக்குத்தான் பரிசு கிடைக்கும். கனமான கண்ணாடிப் புட்டிக்கு ஏன் மதிப்பெண் குறைப்பதில்லை என்பதும் புரியவில்லை. பாதி எடையுள்ள புட்டியிலும் அதே 750 மி.லி. ஒயின்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஆய்வாளரை அறுவடை வாரத்தில் அனுப்புங்கள். தொட்டிகள் காய்ந்து கிடக்கும் மாதங்களில் வந்தால் பதிவேட்டைத்தான் பார்க்க முடியும்.

இப்படிக்கு,
குடும்பத் திராட்சைத் தோட்டக்காரர்கள்