செயலாளர் ஆண்டறிக்கை: உறுப்பினர் பதிவேட்டைச் சீர்செய்த பணி

பொதுக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வழக்கமான பணிகள் சுற்றறிக்கைகளில் வந்துவிட்டதால் இங்கே திரும்பச் சொல்லவில்லை. இவ்வாண்டு அதிக உழைப்பை வாங்கியது நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் உறுப்பினர் பதிவேடுதான். அகர வரிசையில் அடுக்கினால் எல்லாரும் தலைப்பெழுத்துப்படி நின்றார்கள். அஞ்சல் குறியீடு முகவரிக்குள் புதைந்து கிடந்தது. இரண்டையும் எக்செல் ஃபார்முலா கொண்டே பிரித்தோம். அடுத்துப் பொறுப்பேற்பவருக்கு உதவும் என்பதால் முறையைப் பதிவு செய்கிறேன்.

முதல் இடைவெளி வரை வெட்டு என்பதே பொதுவாகச் சொல்லித்தரும் வழி. நம் பெயர்களுக்கு அது ஆகாது, 'க. முருகன்' என்பதில் முதல் சொல் தலைப்பெழுத்து. கடைசிச் சொல்லை எடுத்தால் 'சா. மேரி ஜோசபின்' வெறும் ஜோசபின் ஆகிவிடுகிறார். 'கா.சு.வேலன்' என்பதில் இடைவெளியே இல்லை. ஆகவே வெட்ட வேண்டிய இடம் தலைப்பெழுத்தை அடுத்து வரும் கடைசி முற்றுப்புள்ளி (.). பெயர் ஏ2 செல்லில் இருந்தால் (அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்):

=ட்ரிம்(ரைட்(சப்ஸ்டிட்யூட்(ஏ2,".",ரெப்ட்(" ",200)),200))

ஒவ்வொரு முற்றுப்புள்ளியும் 200 இடைவெளியாக விரிகிறது. வலப்பக்கம் 200 இடத்தை எடுத்தால் பெயர் மட்டும் சிக்கும். மிச்ச இடைவெளியை ட்ரிம் உதிர்த்துவிடும். முற்றுப்புள்ளியே இல்லாத பெயர் முழுதாக வரும்.

'முருகன் க.' என்று எழுதியிருந்தால் விடை வெற்றாக வரும். வடிகட்டிக் கையால் திருத்தலாம். மோசமானது 'முருகன்.க'. விடை 'க' என்று வரும், பிழை என்று எக்செல் காட்டாது. எனவே லென் (எழுத்துகளை எண்ணும் ஃபார்முலா) தரும் எண் 3 அல்லது அதற்குக் குறைவாக உள்ளவற்றை வடிகட்டினோம். எக்செல் எழுத்தின் மேலுள்ள புள்ளி, கால், கொம்பு எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். 'எம்' மூன்று, 'மணி'யும் மூன்று! ரவியும் உமாவும்கூட இந்த வடிகட்டியில் விழுவார்கள். அங்கே கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும். இதே காரணத்தால் முதல் எழுத்துக்கு லெஃப்ட் (இடப்பக்கத்திலிருந்து எடுப்பது) போட்டால் கோமதிக்கு 'க' என்றே வரும்.

வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய பெயர்களில் ட்ரிம் வேலை செய்யவில்லை. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் இடைவெளிக்கும் ஓர் எண் உண்டு; அங்கே இருப்பது 160ஆம் எண் இடைவெளி. ட்ரிம் அறிந்தது 32ஆம் எண்ணுள்ள சாதாரண இடைவெளி மட்டுமே. முதலில் சப்ஸ்டிட்யூட்(ஏ2,யூனிசார்(160)," ") ஓட்ட வேண்டும்.

அஞ்சல் குறியீடு எளிது, முகவரி பி2 செல்லில் இருந்தால்: =ரைட்(சப்ஸ்டிட்யூட்(பி2," ",""),6). '600 004', '600004' இரண்டுக்கும் பொருந்தும். கடைசியில் முற்றுப்புள்ளி இருந்தால் '00004.' என வரும். பழைய பாணியில் 'சென்னை-4' என்றிருந்தால் 'ன்னை-4' என்று விழும். இவற்றைக் கையால் 600004 ஆக்கினோம்.

முடிந்ததும் விடைகளை 'மதிப்பாக மட்டும்' ஒட்டிவிட்டுத்தான் பழைய நெடுவரிசையை நீக்க வேண்டும். முன்பே நீக்கினால் எல்லாச் செல்லிலும் #REF! என்ற பிழை (ஃபார்முலா சுட்டும் செல் இல்லை என்பது) தோன்றும்.

புதிய சேர்க்கைப் படிவத்தில் தலைப்பெழுத்து, பெயர், அஞ்சல் குறியீடு மூன்றுக்கும் தனி இடம் ஒதுக்கும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்