நாம் காய்ச்சிக் குடிக்கச் சொன்ன தண்ணீர்

பாலக்கோடு,
ஆகஸ்டு 28

அன்புள்ள மல்லிகா,

நலம், நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடி கழிந்த பிறகு பதில் எழுதுகிறேன். கண்புரை அறுவைச் சிகிச்சையைச் சாக்காகச் சொல்லலாம் என்று பார்த்தால், கண் தெளிந்து மூன்று மாதங்கள் ஆகிவிட்டன. ஆகவே அந்தச் சாக்கு உன்னிடம் செல்லாது. மருமகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். மாமரங்கள் இந்த ஆண்டு ஏமாற்றிவிட்டன. உன் லூனாவை வாங்கியவர் இன்னும் அதை ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார். மேட்டில் ஏறும்போது இறங்கித் தள்ளுவதும் மாறவில்லை. வீட்டுச் செய்திகள் இவ்வளவே. எழுத உட்கார்ந்த காரணம் வேறு.

பழனியம்மாளை உனக்கு நினைவிருக்கிறதா என்று நான் கேட்கப் போவதில்லை, ஏனென்றால் நீ மறந்திருக்க முடியாது. தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நாம் நடத்திய மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்துக்கு வருவாளே, பத்துப் பதினோரு வயதிருக்கும், அவள்தான். ஒரு நாள் நாற்பது பெண்களுக்கு நடுவில் அவளை எழுப்பி நிறுத்தி, "போய்ப் பல் தேய்த்துவிட்டு வா" என்று அனுப்பினோம். சொன்னது நீ, சிரித்தது நான். அவள் வீட்டுக்கு ஓடி, செங்கல் பொடியும் சாம்பலும் சேர்த்துத் தேய்த்து, ஈறில் இரத்தம் வடிய வந்து நின்றாள். காவி மட்டும் போகவில்லை. அது தேய்த்துப் போகும் காவி அன்று, குடித்த தண்ணீரில் கரைந்திருந்த புளோரைடு என்ற பொருள் பல்லில் ஏற்றிய கறை என்பது நம் இருவருக்கும் அப்போது தெரியாது.

அந்தப் பழனியம்மாள் இப்போது எங்கள் ஊர்க் குழுவின் ஊக்குநர்; பேரனும் பேத்தியும் எடுத்துவிட்டாள். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களைத் தேர்ந்து தண்ணீரைப் பரிசோதிக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள் அல்லவா, அந்த ஐவரில் அவளும் ஒருத்தி. சென்ற மாதம் ஒரு நாள் மாலை பரிசோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். மூன்று சோதனைக் குழாய்களை வரிசையாக வைத்தாள். ஒன்றில் ஒகேனக்கல் குழாய் ஊருக்குள் நுழையும் இடத்தில் பிடித்த தண்ணீர். இரண்டாவதில் பள்ளிக்கூடத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். மூன்றாவதில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து எங்கள் தெருக் குழாய்க்கு வரும் தண்ணீர். புளோரைடு மிகுந்தால் மஞ்சளாகும் மருந்தை விட்டதும் முதல் குழாய் ரோசா நிறமாகவே நின்றது. பள்ளிக்கூடத்துத் தண்ணீர் பளிச்சென்று மஞ்சளாகிவிட்டது. மூன்றாவது, இரண்டுக்கும் இடைப்பட்ட நிறத்தில் மஞ்சளை நோக்கிச் சாய்ந்திருந்தது. நிற அட்டையை அதன் அருகே பிடித்து, "1.5-ஐத் தாண்டிவிட்டது அக்கா" என்றாள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் புளோரைடுக்கு மேல் இருந்தால் குடிக்கத் தகாது என்று அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள், மல்லிகா. அவளுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தது நான்.

நடந்தது இதுதான். ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் ஊருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. வராத நாளில் தொட்டி காலியாக இருந்தால் தொட்டி இயக்குபவர் வீட்டு வாசலில் குடங்களோடு கூட்டம் கூடிவிடுகிறது. அதற்கு அஞ்சி அவர் போர் மோட்டாரைப் போட்டு அதே தொட்டியை நிரப்பிவிடுகிறார். அவரை நான் முழுவதும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரூ. 1,928 கோடியில், ஜப்பானிடம் கடன் வாங்கி, 2008-இல் அடிக்கல் நாட்டி 2013-இல் திறந்து வைத்த அந்தத் திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கம் இருக்கிறது. காவிரியை அத்தனை மேடு ஏற்றிக் கொண்டுவந்து, கடைசியில் எங்கள் ஊர்த் தொட்டிக்குள் எந்த நஞ்சுக்கு மாற்றாக அது வந்ததோ அந்த நஞ்சோடே கலந்து கொடுக்கிறோம். சிறுவாணியைக் குடித்துக்கொண்டு கோயம்புத்தூரில் அமர்ந்திருக்கும் உனக்கு இதெல்லாம் கதை போலத் தோன்றும்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தொட்டியை நினைத்து வராமலிருந்தால் பரவாயில்லை. நம்மை நினைத்து வரவில்லை. நாம் ஊர் ஊராகப் போய் என்ன சொன்னோம்? தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்றோம். வாந்திபேதி பரவிய காலத்தில் அது சரியான பேச்சுதான், கிருமி சாகும். ஆனால் புளோரைடு கொதித்தால் போகிற பொருள் அன்று; தண்ணீர் ஆவியாகி அளவு குறையக் குறைய, மிஞ்சும் நீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். விறகுக்கு அல்லாடும் வீடுகளில், புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, நம் சொல்லை நம்பி அந்தப் பெண்கள் காய்ச்சினார்கள். சோப்பு நன்றாக நுரைத்தால் அது நல்ல தண்ணீர் என்ற ஊர் நம்பிக்கையையும் நாம் தலையாட்டி ஏற்றுக்கொண்டோம். கால்சியம் குறைந்து சோடியம் மிகுந்த நீர்தான் பாறையிலிருந்து புளோரைடைக் கூடுதலாகக் கரைத்து வைத்துக்கொள்ளும் என்றும், அத்தகைய நீர்தான் நன்றாக நுரைக்கும் என்றும் இப்போது படித்தபோது எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நிறமில்லை, மணமில்லை, சுவையில் வேறுபாடில்லை. நாக்கையும் கண்ணையும் நம்பி இதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது என்று நீ எனக்கு ஆறுதல் சொல்வாய், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் 1937-லேயே நெல்லூர்ப் பக்கத்தில் புளோரைடால் வரும் இந்த நோயை இனங்கண்டு எழுதிவிட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் நம் பயிற்சிக் கையேட்டில் அதற்கு ஒரு வரி இல்லை.

எனக்கு ஆறாத இடம் ஒன்று உண்டு. வயலிலும் அடுப்பங்கரையிலும் குனிந்து நிமிர முடியாமல் நாற்பது வயதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த பெண்களை, "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பினோம். அத்தனை பேருக்கும் இந்தத் தண்ணீர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை; சுமையும் சத்துக் குறைவும் சேர்ந்த உடம்புகள் அவை. ஆயினும் எலும்பில் புளோரைடு படிந்து மூட்டும் முதுகும் இறுகிப் போவதற்கு நம் மாவட்டம் பெயர் பெற்றது என்பதை அறிந்த பின்பு, அந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. காவிப் பல்லால் வரன் தட்டிப்போன பெண்களை எண்ணிப் பார். சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடுவதை நாம் அடக்கம் என்று மெச்சினோமே!

சமையல் சங்கதி இன்னும் மோசம். ஒகேனக்கல் தண்ணீரைக் குடிப்பதற்கு மட்டும், அதுவும் முதலில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று எடுத்து வைத்துவிட்டு, களி கிண்டவும் சோறு வடிக்கவும் போர்த் தண்ணீரையே பெண்கள் பயன்படுத்துகிறார்கள். களி அத்தனை தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொண்டுதான் வேகிறது. குடத்தில் காப்பாற்றியதைச் சட்டியில் விட்டுவிடுகிறோம். இதைக் குழுக் கூட்டத்தில் முதலில் சொன்னவளும் பழனியம்மாள்தான். அவள் அதைச் சொன்னதே எனக்கு வியப்பு, ஏனென்றால் நம் குழுக்கள் இப்போது எப்படி இருக்கின்றன என்று உனக்குத் தெரியாது. தமிழ்நாட்டுக்கே குழு என்றால் என்னவென்று காட்டியது 1989-இல் நம் தருமபுரிதான் என்று மேடைதோறும் முழங்குவாயே, அந்தக் குழுவில் இன்று பேச்செல்லாம் வாரத் தவணையைப் பற்றியே. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். தவணை வசூலுக்கு வருகிறவர் வந்து போனதும் கூட்டம் கலைந்துவிடும். பெண்களை முன்னேற்றுவது என்பது கடன் வாங்கும் தகுதியை உண்டாக்குவது மட்டும்தான் என்று எப்போது நாம் ஒப்புக்கொண்டோம் என்று எனக்கு நினைவில்லை.

ஆகஸ்டு 15 கிராம சபைக்கு அந்த ஐவரும் சோதனைக் குழாய்களோடு போனார்கள். நானும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்தேன். 2016-இல் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டமானதன் பயனாக எங்கள் ஊராட்சித் தலைவர் ஒரு பெண்; நாற்காலியும் அவருடையது, கையெழுத்தும் அவருடையது, பதில் மட்டும் பக்கத்தில் நிற்கும் கணவருடையது. அன்றும் அவர்தான், "தண்ணீர் வருகிறதே என்று மகிழாமல் நிறம் பார்க்கிறீர்களா?" என்று தொடங்கினார். பழனியம்மாள் குரலை உயர்த்தவில்லை. "நான் தலைவரிடம் கேட்கிறேன் அண்ணா, அவரே சொல்லட்டும்" என்றாள். கூட்டம் அடங்கிப்போயிற்று. தலைவர் சிறிது நேரம் அந்தக் குழாய்களையே பார்த்தார். பிறகு, "எங்கள் வீட்டுச் சின்னவனுக்கும் பல்லில் வெள்ளைத் திட்டு இருக்கிறது" என்றார். அந்த நாற்காலியிலிருந்து அவர் குரலை நான் கேட்டது அதுவே முதல் முறை.

தீர்மானப் புத்தகத்தில் மூன்று செய்திகள் ஏறின. பெரிய தொட்டியில் இனி ஒகேனக்கல் தண்ணீர் மட்டுமே ஏற்ற வேண்டும். போர்த் தண்ணீருக்குத் தெருவுக்கொரு சின்டெக்ஸ் தொட்டி தனியாக வைத்து, துவைக்கவும் மாட்டுக்கும் மட்டும் பயன்படுத்த வேண்டும். பள்ளிக்கூடத்துக் குழாய்க்குச் சிவப்புச் சாயம் பூச வேண்டும். சாயம் மறுநாளே பூசியாகிவிட்டது, பூசியது அந்த ஐவர்தான். சின்டெக்ஸ் தொட்டி இன்னும் வரவில்லை. நிதி இல்லை என்கிறார்கள். பெரிய தொட்டியில் போர்த் தண்ணீர் ஏறுவது நின்றிருக்கிறதா என்றால், பகலில் நின்றிருக்கிறது. இரவில் மோட்டார்ச் சத்தம் கேட்டதாகப் பழனியம்மாள் சொல்கிறாள். பெட்டியில் பார்ப்பது நிறக் கணக்குத்தானே, துல்லியமான அளவு வேண்டும் என்று மாவட்ட ஆய்வகத்துக்கும் புட்டியில் தண்ணீர் அனுப்பியிருக்கிறோம், விடைக்குக் காத்திருக்கிறோம்.

அவளுடைய அவசரம் எனக்குப் புரிகிறது. பல்லின் பூச்சு உருவாவது எட்டு வயதுக்குள். அதற்குள் படிந்த கறை பிறகு நீங்காது. இறுகிய எலும்பும் இளகாது. அவளுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை, பேத்திக்கு நான்கு வயது. அந்தக் குழந்தைக்குப் பாலும் முருங்கைக் கீரையும் நெல்லிக்காயும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சியும் பாதிப்பைத் தணிக்கும் என்கிறார்கள். நான் கூசிக் கூசித்தான் சொன்னேன். இம்முறை அவள் உடனே தலையாட்டிவிடவில்லை, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாள்.

உனக்குக் கடிதம் எழுதப் போகிறேன் என்றேன். "மல்லிகா அக்காவிடம் சொல்லுங்கள், பல் தேய்த்துவிட்டேன் என்று" எனச் சொல்லிச் சிரித்தாள், வாயை மூடாமல். நானும் சிரித்தேன். நீ இதைப் படிக்கும்போது சிரிப்பாயா மாட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் மறைக்காமல் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஒரு வேலை இருக்கிறது. குழு தொடங்கிய காலத்தில் வீடு வீடாகப் போய், எந்தக் குடும்பம் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறது என்று பச்சை அட்டை நோட்டில் எழுதினாயே, அது உன் பரணில் இருக்கிறதா என்று தேடிப் பார். கரையான் தின்னாமல் இருந்தால் பதிவுத் தபாலில் அனுப்பு. திறந்த கிணற்றுத் தண்ணீர் குடித்த வீடுகள் எவை, அடிகுழாய் போட்டதும் மாறிய வீடுகள் எவை என்று பிரித்து, அந்தந்த வீட்டுப் பிள்ளைகளின் பல்லோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஐவரும் கேட்கிறார்கள். அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னால் அவர்களுக்கு அது வேண்டும். நீயே கொண்டுவந்தால் இன்னும் நல்லது. வரும்போது குடிக்கச் சிறுவாணித் தண்ணீரையும் கொண்டுவந்துவிடு, எங்கள் தொட்டியை நான் இன்னும் நம்பவில்லை.

உன் தோழி,
விசயா